குதிகால் எலும்பும் குலமுறையும்

சிங்கப்பூரின் புக்கித் தீமாக் காட்டினுள் காலை வேளையில் நடந்து செல்வோர், தரையிலும் தாழ்ந்த கிளைகளிலும் விரைந்தோடும் பழுப்பு நிற விலங்கொன்றைக் காண்பதுண்டு. உருவிலும் வாலிலும் அது அணிலையே ஒக்கும். கூர்ந்து நோக்கினால் மட்டுமே அதன் நீண்டு கூரிய மூஞ்சி அணிலுக்கு உரியதன்று என்பது புலப்படும். மலாய் மக்கள் அணிலையும் இதனையும் ‘துப்பாய்’ என்னும் ஒரே சொல்லால் வழங்கினர். மர மூஞ்சூறு என்று பொருள்படும் பெயரை ஆங்கிலேயர் இதற்கு இட்டனர். மனிதன், குரங்கு, தேவாங்கு ஆகியவை அடங்கிய உயிரின வரிசையைப் பிரைமேட் என்பர். தமிழில் அது முதனி எனப்படும். அவ்வரிசையின் தொல்மூதாதை எவ்வாறு இருந்திருக்கும் என்று கேட்டவர்களுக்கு, சென்ற நூற்றாண்டில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் காட்டப்பட்ட உயிருள்ள ஓவியம் இந்த மர மூஞ்சூறே. இன்று அவ்விடத்தில் நிற்பவை, 5 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த சில சிற்றுயிர்களின் எலும்புகள். இந்த இடமாற்றம் நிகழ்ந்த வரலாறு, ஒற்றுமை வேறு, உறவு வேறு என்பதை அறிஞர்கள் அரிதின் உணர்ந்த வரலாறு ஆகும்.

மர மூஞ்சூற்றை ஐரோப்பியர் அறிந்ததே அணிலாகத்தான். கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தில் சென்ற மருத்துவர் வில்லியம் எல்லிஸ், 1780இல் வியட்நாமிய கடற்பகுதியைச் சேர்ந்த புலோ கொண்டோர் தீவில் இதனை வரைந்தபோது அணில் என்றே கொண்டார். அறிவியல் நோக்கில் இதனை ஆராயும் வாய்ப்பு, சிங்கப்பூர் உருவான காலத்தோடு பின்னிப் பிணைந்தது. நாராயண பிள்ளை 1819ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘இந்தியானா’ கப்பலில் ராஃபிள்சுடன் வந்து இறங்கினார் என்பதை இங்குள்ள தமிழ் மாணாக்கர் நன்கறிவர். அதற்குச் சில மாதங்கள் முன்னரே, அவ்வாண்டு சனவரியில் ராஃபிள்ஸ் முதன்முறை வந்தபோது, டியார், டுவோசெல் என்னும் பிரெஞ்சு இளைஞர் இருவர் அவருடன் இருந்தனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இருவரும் பாரிசின் பெரும் விலங்கியலாளர் கூவியேயிடம் பயின்றவர்கள். டுவோசெல் அவருடைய மாற்றுமகனும் ஆவார். விலங்குகளையும் பறவைகளையும் திரட்டித் தருவதற்காக ராஃபிள்ஸ் அவர்களை அமர்த்தியிருந்தார்.

திரட்டிய செல்வம் யாருக்கு உரியது என்பதில் பிணக்கு மூண்டது. 1820இல் பென்கூலனில் இரு தரப்பாரும் பிரிந்தனர். பிரெஞ்சுக்காரர் முந்திக்கொள்வர் என்றஞ்சிய ராஃபிள்ஸ், விரைந்து தாமே விலங்குகளின் விளக்கப் பட்டியலை எழுதி இலண்டன் லின்னேயச் சங்கத்திற்கு விடுத்தார். சிங்கப்பூரின் பூங்காக்களில் இன்றும் கூட்டங்கூட்டமாகத் திரியும் நீண்டவால் குரங்கிற்கு அறிவியல் பெயர் அமைந்தது அப்பட்டியலினால்தான். மர மூஞ்சூற்றைப் பற்றியும் அதில் குறிப்புண்டு. பினாங்கில் ஒருவர் வீட்டில் பழகிய நிலையில் அது முதலில் காணப்பட்டது என்றும், உணவு வேளை தோறும் மேசைக்குத் தானே வந்து பழமும் பாலும் அருந்திற்று என்றும் ராஃபிள்ஸ் பதிந்துள்ளார். மலாய்ச் சொல்லையே இலத்தீனாக்கித் ‘துப்பாயா’ என்னும் பேரினப் பெயரை 1821இல் அவர் படைத்தார். ஆயினும் சிங்கப்பூரில் வாழும் இனத்திற்கு டியார் 1820இலேயே ‘கிளிஸ்’ எனப் பெயரிட்டு விட்டார். முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்பது அறிவியல் மரபு. ஆகவே அவ்விலங்கு இன்று ‘துப்பாயா கிளிஸ்’ என வழங்குகிறது. பகைத்துப் பிரிந்த இருவரின் சொற்களும் ஒரே பெயரில் அடுத்தடுத்து அமர்ந்துள்ளன! அதில் ஒன்று மலாயில் அணிலைக் குறிப்பது. மற்றொன்று இலத்தீனில் வேறொரு கொறிவிலங்கைக் குறிப்பது. விலங்கோ கொறிவிலங்கே அன்று. ராஃபிள்ஸ் அதன்பின் திரட்டியவற்றின் பெரும்பகுதி, 1824 பிப்ரவரி 2ஆம் நாள் பென்கூலனை விட்டுப் புறப்பட்ட ‘ஃபேம்’ கப்பலோடு தீக்கிரையாயிற்று.

தமிழுக்கும் இக்குடும்பத்தில் ஒரு பங்கு உண்டு. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த வால்ட்டர் எலியட்டின் பெயரால் 1850இல் அறியப்பட்ட இந்திய மர மூஞ்சூறு, சேர்வராயன் மலை முதலிய இடங்களில் வாழ்வது. தமிழர் அதனை ‘மூங்கில் அணத்தான்’ என்றனர். அமெரிக்கரான லயன் 1913இல் இக்குடும்பம் முழுவதையும் ஆராய்ந்து நூல் எழுதியபோது, இதற்குத் தனிப் பேரினம் வகுத்து, அத்தமிழ்ப் பெயரைக் கொண்டே ‘அணத்தானா’ என்று வழங்கினார். உலக விலங்கியலில் நிலைபெற்ற தமிழ்ச் சொற்களுள் இது ஒன்று என்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கலாம்.

இனி, இவ்விலங்கு முதனிகளின் முன்னோடி என்னும் பெருமையைப் பெற்றது எவ்வாறு என்பதைக் காண்போம். லெ குரோ கிளார்க் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1920 முதல் 1923 வரை சரவாக்கில் முதன்மை மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றினார். அங்குக் கிடைத்த மர மூஞ்சூறுகளையும் தார்சியர்களையும் அறுத்து ஆராய்ந்து, தாயகம் மீண்டபின் 1924 முதல் தசை, மண்டை ஓடு, மூளை என வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார். மர மூஞ்சூற்றின் கண்ணைச் சுற்றி எலும்பு வளையம் முழுமையாக உள்ளது. முதனிகளுக்கும் அவ்வாறே. மூளையில் பார்வைக்குரிய பகுதி வளர்ந்தும் மோப்பத்திற்குரிய பகுதி குறைந்தும் காணப்பட்டன. நிலத்தில் பூச்சி தேடிய மூஞ்சூறு போன்ற ஓருயிர் மரமேறிற்று. மரவாழ்வு அதன் கண்ணைக் கூராக்கி, மூக்கைக் குறுக்கி, மூளையைப் பெருக்கிற்று. அவ்வழியில் முதற்படியில் நிற்பதே மர மூஞ்சூறு என்பது அவர் கொள்கை. 1934இல் வெளிவந்த அவருடைய நூல் இக்கருத்தைப் பரப்பிற்று. அமெரிக்க அறிஞர் சிம்சன் 1945இல் பாலூட்டிகள் அனைத்தையும் வகைப்படுத்தியபோது, மர மூஞ்சூற்றை முதனி வரிசையிலேயே சேர்த்தார். பாடநூல்கள் அதனை ஏற்றன. பில்டவுன் மனிதன் என்ற போலி எலும்பின் சூழ்ச்சியை 1953இல் வெளிப்படுத்திய மூவருள் ஒருவர் இதே கிளார்க் என்பது குறிக்கத்தக்கது. பொய்யான உறவைக் கண்டுபிடிப்பதில் அவர் தேர்ச்சி குறைந்தவர் அல்லர். இங்கே எவரும் பொய் செய்யவில்லை என்பதே இடர்ப்பாடு.

சிங்கப்பூரின் ஸ்டாம்போர்டு சாலையில் 1887இல் திறக்கப்பட்ட ராஃபிள்ஸ் அருங்காட்சியகம், இவ்வட்டாரத்து மர மூஞ்சூறுகளின் தோல்களையும் மண்டை ஓடுகளையும் தொடர்ந்து திரட்டி வந்தது. அதன் இயக்குநர் சேசன் 1940இல் மலேசியப் பாலூட்டிகளின் பட்டியலை வெளியிட்டார். 1942 பிப்ரவரியில் நகரம் வீழும் தறுவாயில் கப்பலேறிய அவர் கடலிலேயே மாண்டார். திரட்டு பிழைத்தது. 1972இல் அருங்காட்சியகத்திலிருந்து அகற்றப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இடம்விட்டு இடம் அலைந்து, 2015 முதல் கென்ட் ரிட்ஜில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. எலும்போடு எலும்பை வைத்துப் பார்க்காமல் குலமுறை பேச இயலாது ஆதலின், இத்தகைய திரட்டுகளின் அருமையை மிகைப்படுத்திக் கூறுவது கடினம்.

கிளார்க்கின் கொள்கையை அசைத்தவர் ராபர்ட் மார்ட்டின். 1960களில் ஜெர்மனியில் மர மூஞ்சூறுகளைக் கூண்டில் வளர்த்து நோக்கிய இவர், எவரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். தாய் தன் குட்டிகளைத் தனிக் கூட்டில் இட்டுவிட்டு, தான் வேறொரு கூட்டில் உறங்குகிறது. 48 மணி நேரத்திற்கு ஒரு முறை மட்டும் வந்து சில நிமிடங்களில் பாலூட்டிவிட்டு அகன்று விடுகிறது. குட்டி தாயைப் பற்றிக்கொள்வதும் இல்லை. தாய் குட்டியைத் தூக்கிச் செல்வதும் இல்லை. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைப் பற்றித் தொங்குவதை ‘மர்க்கட நியாயம்’ என்று வைணவப் பெரியோர் எடுத்தாண்டனர்; அந்நியாயத்திற்கு மர மூஞ்சூற்றில் இடமே இல்லை. இதனைத் தொடக்கமாகக் கொண்டு 1968இல் முதனிகளுக்குப் புதிய வரையறை தேடிய மார்ட்டின், கிளார்க் காட்டிய ஒற்றுமைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டார். அவற்றுள் சில, தொல்பாலூட்டிகள் பலவற்றுக்கும் பொதுவாக இருந்து இவ்விரு கிளைகளிலும் எஞ்சி நின்றவை. வேறு சில, ஒத்த வாழ்க்கையினால் தனித்தனியே தோன்றியவை. முதனிகளும் மர மூஞ்சூறும் மட்டும் புதிதாகப் பெற்றுப் பகிர்ந்துகொண்டவை என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. சென்னையில் எல்லிஸ் துரை 1816இல் தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என நிறுவியபோது, சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு வாதிடவில்லை. கடன்பெற்ற சொற்கள் எத்தனை ஆயிரமாயினும் பிறப்பைக் காட்டா. வேர்ச்சொற்களே காட்டும் என்றார். (மர மூஞ்சூற்றை அணில் எனக் கொண்ட மருத்துவர் எல்லிஸ் வேறு, இவர் வேறு.) ஒத்த வாழ்க்கையால் வந்த உறுப்பு, கடன்சொல் போன்றது. எஞ்சி நிற்கும் பழைய உறுப்பிற்கும் மொழியில் எடுத்துக்காட்டு உண்டு. தமிழில் ‘செவி’ என்பது கன்னடத்தில் ‘கிவி’, கோண்டியில் ‘கெவி’. ககரமே இங்குப் பழைய ஒலி. தமிழில் அது சகரமாகத் திரிந்தது. கன்னடமும் கோண்டியும் பழைய ககரத்தைக் காத்து நிற்பதனால் அவ்விரண்டும் ஒரு கிளையாகிவிடா. கன்னடம் தமிழுக்கே அண்மையது. பழையதைக் காப்பது உறவுக்குச் சான்றாகாது. புதியதைச் சேர்ந்து பெற்றதே சான்று. விலங்கியலாளர் இந்நெறியைத் தெளிவுறக் கைக்கொள்ளச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரை காலம் பிடித்தது.

அவ்வாறாயின் முதனிகள் புதிதாகப் பெற்றவை யாவை? கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக மடங்கிக் கிளையைப் பற்றும் கால். கூருகிருக்கு மாற்றாகத் தட்டையான நகம். பக்கவாட்டிலன்றி முன்னோக்கிய இரு கண்கள். நடுச்செவியை மூடும் எலும்புக் குமிழ் தனி எலும்பாக அமையாது செவியெலும்பிலிருந்தே வளர்தல். மர மூஞ்சூற்றுக்கு விரல்தோறும் உகிர், கட்டைவிரல் எதிர்மடங்காது, செவிக்குமிழ் தனி எலும்பு. மரவாழ்வு ஒன்றே முதனியை ஆக்கிவிடும் என்ற கருத்தும் ஐயத்திற்கு உள்ளாயிற்று. மாட் கார்ட்மில் என்பார் 1974இல் எழுப்பிய வினா எளியது: அணில் மரத்தில் செவ்வனே வாழ்கிறதே, அதற்குப் பற்றும் காலும் முன்னோக்கிய கண்ணும் ஏன் வரவில்லை? மெல்லிய கிளை நுனிகளில் பூச்சியைக் கண்ணால் குறிவைத்துக் கையால் பிடித்த வாழ்வே காரணம் என்பது அவர் தந்த விடை. விடையைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. வினாவின் வலிமையை எவரும் மறுத்ததில்லை.

வாதங்கள் இவ்வாறிருக்க, எலும்பு ஒன்று நேரில் வந்து சான்று பகர்ந்தது. சீனாவின் ஹூபெய் மாநிலத்தில் ஜிங்சோ நகருக்கு அண்மையில், பண்டைய ஏரிப் படிவான பாறைப் பலகை ஒன்று இரண்டாகப் பிளந்தபோது, இரு பாதியிலும் ஒரே சிற்றுயிரின் எலும்புக்கூடு பகுதி பகுதியாகப் பதிந்திருந்தது. எலும்புகள் எடுத்தால் நொறுங்கும் அளவு நுண்ணியவை. ஆகவே நி சிஜுன் தலைமையிலான குழுவினர், பிரான்சின் கிரனோபிள் நகரிலுள்ள பெரும் ஆய்வுக்கூடத்தின் ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்களைப் பாறையினுள் செலுத்தி, உள்ளே கிடந்தவற்றை எலும்பு எலும்பாகக் கணிப்பொறியில் உருவாக்கினர். பத்தாண்டு உழைப்பின் பயன் 2013 ஜூன் மாதத்தில் வெளியாயிற்று. அவ்விலங்கிற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஆர்க்கிசீபஸ் அக்கிலீஸ்’. தொடக்கக் குரங்கு என்பது முற்பகுதியின் பொருள். பிற்பகுதி, குதிகாலில் மட்டும் உயிர்நிலை கொண்டிருந்த கிரேக்க வீரனின் பெயர். வேடன் அம்பு பாதத்தில் பட்டு மறைந்த கண்ணனின் கதையை அறிந்தவர்க்கு இப்பெயரின் நயம் எளிதில் விளங்கும்.

வால் நீங்கலாக உடலின் நீளம் ஏறத்தாழ 71 மில்லிமீட்டர். வால் அதனினும் நெடியது. எடை 20 முதல் 30 கிராம் வரை. சிராங்கூன் சாலை நகைக்கடைத் தராசில் வைத்திருந்தால் நான்கு பவுனுக்குள் அடங்கியிருக்கும். இத்துணைச் சிறிய உடலுக்குத் தேவையான வெப்பத்தை இலை தின்று பெற முடியாது. கடைவாய்ப் பற்களின் கூரிய முனைகளும் அது பூச்சி உண்டது என்றே காட்டுகின்றன. பின்னங்கால்கள் நீண்டவை, ஆகவே தாவும் இயல்பினது. காலின் கட்டைவிரல் கிளையைப் பற்றுவதற்குரியது. இவை அனைத்தும் அக்காலத்தில் வெப்பமண்டலக் காடு செறிந்திருந்த சூழலுக்குப் பொருந்துவன.

வியப்பளித்தவை இரண்டு: கண்ணும் குதிகாலும். பிற உறுப்புகளைக் கொண்டு இவ்விலங்கு தார்சியர் கிளையின் அடிப்பகுதியில் வைக்கப்படுகிறது. போர்னியோ, சுமாத்திரா, சுலாவெசி, பிலிப்பைன்ஸ் தீவுகளில் வாழும் தார்சியர் இரவில் இரை தேடுவது. அதன் ஒவ்வொரு கண்ணும் மூளையளவு பெரியது. ஆர்க்கிசீபசின் கண்குழி அவ்வாறு பெருத்ததன்று. ஆகவே அது பகலில் நடமாடியது என ஆய்வாளர் கொள்வர். தார்சியருக்குத் தாவுவதற்கென்றே கணுக்கால் எலும்புகள் அளவிறந்து நீண்டுள்ளன. அதன் பெயரே கணுக்காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆர்க்கிசீபசின் குதிகால் எலும்போ குறுகி அகன்றது. குரங்குகளின் குதிகாலை ஒத்தது. தார்சியர் கிளையில் நிற்கும் ஒன்றுக்குக் குரங்கின் குதிகால் எப்படி வந்தது? அவ்விரு கிளைகளும் பிரிந்த இடத்திற்கு மிக அருகில் அது வாழ்ந்தமையால் என்பதே ஏற்புடைய விடை. தார்சியரின் நீண்ட கணுக்காலும் பெருங்கண்ணும் பின்னர் வந்த மாற்றங்கள். இன்று வாழும் எதுவும் மூதாதையின் உருவை அப்படியே சுமந்து நிற்கவில்லை. உறுப்புக்கு உறுப்பு கலந்தே வருகிறது.

உறுப்புகள் ஒருங்கே தோன்றவில்லை என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைத்து 2002இல் விளக்கப்பட்ட கார்ப்போலெஸ்டெஸ் என்பது முதனிகளுக்கு நெருங்கிய ஒரு பழங்கிளை. அதன் கால் கட்டைவிரல் எதிர்மடங்குவது. அதில் நகமும் உண்டு. கண்கள் முன்னோக்கவில்லை. பற்றும் கால் முன்னர் வந்தது, நோக்கும் கண் பின்னர் வந்தது எனப் பலர் கருதுவதற்கு இது காரணமாயிற்று.

இந்தியாவிலும் இவ்வரலாற்றின் ஏடு ஒன்று கிடைத்துள்ளது. குஜராத்தில் சூரத்து நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் வஸ்தான் சுரங்கம் உள்ளது. நெய்வேலியில் தோண்டப்படுவதைப் போன்ற பழுப்பு நிலக்கரிதான் அங்கும் எடுக்கப்பட்டது. நிலக்கரி அடுக்குகளுக்கு இடைப்பட்ட களிமண்ணிலிருந்து இந்திய, அமெரிக்க, பெல்ஜிய அறிஞர்கள் சேர்ந்து சலித்தெடுத்த எலும்புகள், ஏறத்தாழ 5 கோடியே 45 இலட்சம் ஆண்டுப் பழைமை உடையவை. இந்தியத் துணைக்கண்டம் அப்போது வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை நெருங்கிக்கொண்டிருந்தது, இமயம் எழவில்லை. முதலில் பற்களும் தாடைகளும் கிடைத்தன. 2005இல் ‘மார்க்கோடினோசியஸ் இண்டிகஸ்’, 2007இல் ‘ஏசியடாபிஸ் காம்பேயென்சிஸ்’ எனப் பெயர்கள் தோன்றின. பின்பு கை, கால், கணுக்கால் எலும்புகள் 25ஐ ஒருங்கே ஆராய்ந்த ரேச்சல் டன் முதலியோர் 2016இல் முடிவை வெளியிட்டனர். எலியளவே ஆன உயிர்களின் எலும்புகள் அவை. பற்களைக் கொண்டு பார்த்தால் அவற்றுள் ஒரு சாரார் தேவாங்கு, லெமூர் ஆகியவற்றின் பக்கத்தவர். மற்றொரு சாரார் தார்சியர், குரங்கு ஆகியவற்றின் பக்கத்தவர். ஆயினும் கால் எலும்புகளில் இரு சாராரையும் வேறுபடுத்திக் காண்பதே அரிதாயிருந்தது. பல் பிரிந்துவிட்டது, கால் இன்னும் பிரியவில்லை. பெருங்கிளைகள் இரண்டும் கவடுவிடும் நிலையை இதனினும் தெளிவாகக் காட்டும் எலும்புகள் அரியவை.

அந்தக் கவட்டின் இரு பக்கமும் சிங்கப்பூரில் இன்றும் உள்ளன. ஒரு பக்கத்தைச் சேர்ந்த மெதுநடைத் தேவாங்கு, தமிழகத்துத் தேவாங்கின் உறவு, அரிதாகிவிட்டது. மறுபக்கத்தைச் சேர்ந்த நீண்டவால் குரங்கு எங்கும் உள்ளது. அண்மை உறவு என்னும் பெருமையை மர மூஞ்சூறு இழந்தபின் அது யாருக்குச் சென்றது என்பதுதான் எவரும் எதிர்பாராதது. 2007இல் வெளியான மரபணு ஒப்பீடு, முதனிகளுக்கு மிக நெருங்கிய உயிர் கொலுகோ எனக் காட்டிற்று. மர மூஞ்சூறு அதற்கு அப்பால் நிற்கிறது. கழுத்திலிருந்து வால்நுனி வரை தோலை விரித்து மரம் விட்டு மரம் மிதந்து செல்லும் இவ்விலங்கைப் ‘பறக்கும் லெமூர்’ என்று நெடுநாள் அழைத்தனர். அது பறப்பதும் இல்லை, லெமூரும் அன்று. புக்கித் தீமாவில் அதுவும் உண்டு. இரவில் உலவும் இயல்பினது ஆதலின், பகல் முழுவதும் மரத்தண்டில் பட்டையோடு பட்டையாக அப்பிக் கிடக்கிறது. அதே மரத்தின் அடியில் மர மூஞ்சூறு ஓடுவதைக் காண்போர், தலைக்கு மேல் இருக்கும் அதனைப் பெரும்பாலும் காண்பதில்லை.